ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி மேட்ச்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். முதல்லயே சொல்லிடுறேன், இது பாஸ்கெட்பால் பத்தின எபிசோட். பாஸ்கெட்பால் தெரியாதவங்க தயவுசெஞ்சு ஓடிடாதீங்க. பந்து ரிங்குக்குள்ள போனா பாயிண்ட். அது தெரிஞ்சா போதும், மிச்சத்தை நடுநடுவுல நான் சொல்லிடுறேன்.

எனக்கு ஊர் நாகமலை புதுக்கோட்டை. இது அந்தப் புதுக்கோட்டை இல்லை. சென்னையில ஆபீஸ்ல சேர்ந்த புதுசுல எல்லாரும் "ஓ, திருச்சி பக்கமா?"ன்னு கேட்பாங்க. மதுரையிலிருந்து தேனி ரோட்டுல மேற்கே வந்தா, பாம்பு படுத்திருக்கிற மாதிரி நீளமா ஒரு மலை வரும். அதுதான் நாகமலை. ரோட்டுக்கு இன்னொரு பக்கம் கீழக்குயில்குடி, சமணர் மலை. ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழமையான தீர்த்தங்கரர் சிற்பங்கள் அங்கே பாறையில இருக்கு. இதுக்கு நடுவுல எங்க ஊர். சுத்தி ஸ்கூல், காலேஜ், யுனிவர்சிட்டி. அதனால எங்க ஊர்ல ஏதாவது ஒரு கிரவுண்டுல எப்பவும் ஒரு விசில் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

போன செப்டம்பர்ல அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு வாரம் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில பால் வாங்கப் போறேன், அந்தச் சத்தம் கேக்குது. சிமென்ட் தரையில பந்து தட்டுற சத்தம். அதை ஒரு தடவை பழகிட்டா வேற எந்தச் சத்தத்தோடயும் குழப்பிக்க மாட்டீங்க. எட்டிப் பார்த்தா ஒரு காலேஜ் கிரவுண்டுல பேனர் கட்டியிருக்காங்க. கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி, பெண்கள் பிரிவு. மூணு நாள். பால் பாக்கெட்டோட போய் கேலரியில உட்கார்ந்துட்டேன். அம்மாகிட்ட வாங்கின திட்டை இங்க சொல்ல முடியாது.

நான் எப்படிப்பட்ட ரசிகன்

ஒரு உண்மையை ஒத்துக்கறேன். நான் அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பார்க்கிற ஆள். மார்ச் மாசம் வந்தா அதிகாலையில அலாரம் வெச்சு எழுந்து "மார்ச் மேட்னஸ்" பார்ப்பேன். 1939-ல 8 அணிகளோட ஆரம்பிச்ச போட்டி, 2011-ல 68 அணியா வளர்ந்துச்சு. தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ரெண்டாவது வாய்ப்பே கிடையாது. 2018-ல யு.எம்.பி.சி.ங்கிற சின்ன யுனிவர்சிட்டி, தரவரிசையில முதல் இடத்துல இருந்த வர்ஜீனியாவை 74–54ன்னு அடிச்சு அனுப்பிச்சு. ஆண்கள் போட்டியில 16-ம் தரவரிசை அணி ஒண்ணாம் தரவரிசை அணியை ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. நான் கத்தின கத்துல ரூம் மேட் எழுந்து சண்டைக்கு வந்துட்டான்.

ஆனா இதையே பெண்கள் இருபது வருஷம் முன்னாடி செஞ்சுட்டாங்க. 1998-ல ஹார்வர்டு பெண்கள் அணி ஸ்டான்ஃபோர்டை 71–67ன்னு ஜெயிச்சுச்சு. இத்தனை வருஷம் அந்த விளையாட்டைப் பார்க்கிற எனக்கு, இது போன வருஷம்தான் தெரியும். பெண்கள் மேட்ச் நான் ஒழுங்கா பார்த்ததே இல்லைன்னு அதுக்கு அர்த்தம்.

அதனால அந்த வெள்ளிக்கிழமை கேலரியில உட்கார்ந்தப்ப என் மனசுல ஒரு நக்கல் இருந்துச்சு. ரிங்ல வலை இல்லை. கோட்டைப் புதுசா சுண்ணாம்புல போட்டிருக்காங்க, ரெண்டு தடவை ஓடினா ஷூ எல்லாம் வெள்ளை. பந்து கையில வந்தா 24 செகண்டுக்குள்ள ஷூட் பண்ணணும்னு ஒரு விதி இருக்கு. டிவியில அதுக்குன்னு தனி டிஜிட்டல் கடிகாரம் காட்டுவாங்க. இங்க ஸ்கோர் டேபிள்ல ஒரு தம்பி கையில ஸ்டாப் வாட்சை வெச்சுக்கிட்டு "பத்து! அஞ்சு!"ன்னு தொண்டை கிழிய கத்துறான். நான் அதை வீடியோ எடுத்து சிரிக்கிற எமோஜியோட ஸ்டேட்டஸ் வெச்சேன். மத்தியானம் அதை டெலீட் பண்ணிட்டேன். ஏன்னு சொல்றேன்.

ஏழு பேர் டீம்

கேலரியில என் பக்கத்துல ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். ரிட்டயர்டு பி.டி. சார். எழுபது வயசு இருக்கும், கழுத்துல இன்னும் விசில் தொங்குது. "தம்பி, எந்த டீமுக்கு வந்திருக்கீங்க?"ன்னு கேட்டார். "சும்மா பார்க்க வந்தேன் சார்"ன்னேன். அவருக்கு நம்ப முடியலை. "சும்மா பார்க்க ஆள் வருதா?"ன்னு ஒரு தடவை என்னை மேலயும் கீழயும் பார்த்தார். நியாயம்தான். அங்க இருந்த நாப்பது பேர்ல முப்பத்தஞ்சு பேர் ஆட வந்தவங்க.

அவர்தான் எனக்கு அந்தப் பச்சை ஜெர்சி டீமைக் காட்டினார். ஒரு டீமுக்கு 12 பேர் வரைக்கும் வரலாம். இவங்க ஏழு பேர்தான் வந்திருக்காங்க. அதுலயும் ரெண்டு பேர் ஹேண்ட்பால் ஆடுறவங்க. ஆள் பத்தலைன்னு கூட்டிட்டு வந்திருக்காங்க. "கேர்ள்ஸ் டீம்ல இது சகஜம் தம்பி. ஃபைனல் இயர்ல வீட்டுல விட மாட்டாங்க. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிருப்பாங்க, இல்லாட்டி அரியர் இருக்கும்"னார் சார்.

அந்த ஏழு பேருக்கும் முதுகெலும்பு மாதிரி ஒரு பொண்ணு, ஆறாம் நம்பர். பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை மேல கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துறவங்க. உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம் இருந்தா அதிகம். ஆனா அவங்க டிரிபிள் பண்றப்ப பந்தைக் குனிஞ்சு பார்க்கவே இல்லை. கண்ணு முழுக்க மத்தவங்க மேலதான். முதல் நாள் நாக்-அவுட் மேட்ச்ல நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், அவங்க மட்டும் 22 பாயிண்ட். அதுல ஒண்ணு, மூணு பேருக்கு நடுவுல புகுந்து இடது கையால போட்ட லே-அப். பந்து போர்டுல பட்டு வலையில்லாத ரிங்குக்குள்ள சத்தமே இல்லாம விழுந்துச்சு. உள்ள போச்சா இல்லையான்னு ரெஃப்ரி கை தூக்கினப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

ஸ்டேட்டஸை டெலீட் பண்ணது அப்பதான்.

ஃபார்ம் 3

ரெண்டாம் நாள்தான் எனக்கு இன்னொரு விஷயம் புரிஞ்சுது. கோர்ட்டோட ஓரத்துல, டேபிளுக்கு அந்தப் பக்கம், மூணு பேர் பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டே இருந்தாங்க. "அவங்க செலக்டர்ஸ்"னார் சார். மூணு நாளும் பார்த்து, யுனிவர்சிட்டி டீமுக்கு 12 பேரை எடுப்பாங்க. அந்த டீம்தான் தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகும்.

"அதுல ஆடினா என்ன சார் கிடைக்கும்?"னு கேட்டேன்.

"ஃபார்ம் 3 கிடைக்கும்"னார்.

இதைக் கொஞ்சம் விளக்கணும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அரசு வேலைக்கு அப்ளை பண்றப்ப ஃபார்ம் 1, 2, 3, 4ன்னு சான்றிதழ் கேட்பாங்க. இந்தியாவுக்காக ஆடியிருந்தா ஃபார்ம் 1. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில ஆடியிருந்தா ஃபார்ம் 2. யுனிவர்சிட்டிக்காக ஆடியிருந்தா ஃபார்ம் 3. ஸ்கூல்ல தேசிய அளவுல ஆடியிருந்தா ஃபார்ம் 4. ரயில்வே, வருமான வரி, தபால் துறை, எங்க போனாலும் பேச்சு இந்த ஃபார்ம்ல இருந்துதான் ஆரம்பிக்கும். தமிழ்நாடு அரசு வேலைகள்லயும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. அப்ப, சுண்ணாம்புக் கோடு போட்ட அந்தக் கோர்ட்டுல ஓடிக்கிட்டிருந்தது ஒரு கோப்பைக்கான ஓட்டம் மட்டும் இல்லை. ஒரு வீட்டுல ஒரு மாசச் சம்பளம் வருமா வராதாங்கிற ஓட்டமும்தான்.

சின்ன வயசுல மாமா என்னை இதே தேனி ரோட்டுல பஸ் ஏத்தி பெரியகுளம் கூட்டிட்டுப் போவார். மே மாசம் அங்க சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துவாங்க. ராத்திரி ஃப்ளட் லைட்ல மேட்ச். இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ஆர்மி, நேவின்னு டீம் இறங்கும். கேலரியில இடமே இருக்காது. நான் அந்த வீரர்களை ஏதோ வேற கிரகத்து ஆளுங்கன்னு நினைச்சிருந்தேன். பேங்க்ல வேலையும் பார்த்துக்கிட்டு எப்படி இப்படி ஆடுறாங்கன்னு யோசிப்பேன். இப்பதான் புரியுது, ஆட்டம்தான் அவங்களுக்கு அந்த வேலையையே வாங்கிக் கொடுத்துச்சு. அந்த ஃப்ளட் லைட்டுக்கும் இந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவுல இருக்கிற வாசல், அந்த மூணு பேர் கையில இருந்த நோட்டு.

பெண்கள்ல அந்த வாசலைத் தாண்டிப் போனவங்கன்னா, சென்னையில பிறந்த அனிதா பால்துரை பேர்தான் முதல்ல வரும். இந்திய அணிக்கு கேப்டனா இருந்தவங்க, குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து நாட்டுக்காக ஆடினவங்க. 2021-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம கிட்ட எத்தனை பேருக்கு அந்த முகம் தெரியும்? எனக்குத் தெரியாது. கூகுள் பண்ணித்தான் பார்த்தேன்.

யாருக்கும் வேண்டாத மேட்ச்

இப்ப தலைப்புக்கு வரேன். நம்ம ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் "நாக்-அவுட் கம் லீக்". முதல்ல நாக்-அவுட். அதுல மிஞ்சுற நாலு டீமும் ஒருத்தரோட ஒருத்தர் மோதணும். ஆளுக்கு மூணு மேட்ச். அமெரிக்காவுல மாதிரி ஒரு தடவை தோத்ததும் பஸ் ஏறிட முடியாது.

பச்சை டீம் லீக்ல முதல் ரெண்டு மேட்சும் தோத்துட்டாங்க. இன்னொரு டீமும் ரெண்டு தோல்வி. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மூணாம் இடத்துக்கான மேட்ச், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு. வெயிலுக்கு முன்னாடி முடிச்சுட்டு, ஃபைனல் மாதிரியான மேட்சை எட்டரைக்கு சீஃப் கெஸ்ட் வந்ததும் வெக்கணும். ஆறரை மணிக்கு கேலரியில நானும் சாரும் ரெண்டு நாயும்தான் இருந்தோம். மலை மேல அப்பதான் வெளிச்சம் இறங்குது. செலக்டர்ஸ் மூணு பேரும் வந்துட்டாங்க. டீ கிளாஸோட.

மூணாவது குவார்ட்டர் முடியறப்ப பச்சை டீம் 14 பாயிண்ட் பின்னாடி. ஒரு குவார்ட்டர்ங்கறது பத்து நிமிஷம். ஆறாம் நம்பருக்கு ஏற்கனவே நாலு ஃபவுல். அஞ்சாவது வந்தா வெளிய போகணும். கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்ப ஒரு நல்ல பிளேயர் என்ன செய்யணும்? டீம் எப்படியும் தோக்கப் போகுது, செலக்டர் பார்த்துக்கிட்டு இருக்கார். பந்தை வாங்கி, தனியா போய், எத்தனை முடியுமோ அத்தனை பாயிண்ட் போட்டுக்கணும். நான் அவங்களா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன்.

அவங்க பதிமூணாம் நம்பருக்கு பாஸ் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

பதிமூணாம் நம்பர் யாருன்னா, அந்த ஹேண்ட்பால் பொண்ணு. மூணு நாளா ஒரு பாயிண்ட்கூட போடலை. பந்து கைக்கு வந்தாலே பதறி யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடுவாங்க. இப்ப ஆறாம் நம்பர் மூணு பேரைத் தன் பக்கம் இழுத்துட்டு, காலியா நிக்கிற பதிமூணுக்கு பந்தைக் கொடுக்கறாங்க. அவங்க வாங்கி ஓடறாங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு. பீப்! டிராவல்.

ஹேண்ட்பால்ல பந்தோட மூணு ஸ்டெப் வெக்கலாம். பாஸ்கெட்பால்ல ரெண்டுதான். அந்தப் பொண்ணோட காலுக்கு வருஷக்கணக்கா மூணுதான் பழக்கம். மறுபடி பாஸ். மறுபடி மூணு ஸ்டெப். பீப். எதிர் டீம் பெஞ்ச்ல சிரிக்கிறாங்க. நாலாவது தடவை ரெஃப்ரியே சிரிச்சுட்டார். பதிமூணாம் நம்பர் முகம் சிவந்துபோய், "வேணாம்டி, நீயே போடு"ன்னு கத்துறாங்க. அது கேலரி வரைக்கும் கேட்டுச்சு. ஆறாம் நம்பர் பதிலே சொல்லலை. பந்தை மேல கொண்டு வந்துக்கிட்டே இடது கையில ரெண்டு விரலைக் காட்டினாங்க. ரெண்டு. ரெண்டு ஸ்டெப்.

நான் சார் பக்கம் திரும்பினேன். சார் கேலரியில உட்கார்ந்துக்கிட்டே காலால தட்டுறார். தட், தட். ரெண்டு.

மேட்ச் முடிய ரெண்டு நிமிஷம் இருக்கிறப்ப மறுபடி அதே பாஸ். பதிமூணாம் நம்பர் வாங்கி, ஒண்ணு, ரெண்டு, அப்படியே ஹேண்ட்பால் வீசுற மாதிரி ஒத்தைக் கையில போர்டுல அடிச்சாங்க. பந்து போர்டுல இடிச்சு, ரிங்ல ஒரு சுத்து சுத்தி, உள்ள விழுந்துச்சு.

பச்சை பெஞ்ச்ல இருந்தது ரெண்டே ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரும் கோர்ட்டுக்குள்ளயே ஓடி வந்துட்டாங்க. ரெஃப்ரி விரட்டுறார். எதிர் டீம் பெஞ்ச்ல கைதட்டுறாங்க. சிரிச்ச அதே பொண்ணுங்கதான். "இருபத்திநாலு செகண்டு" தம்பி ஸ்டாப் வாட்சை அமுக்க மறந்துட்டான். நான் எழுந்து நின்னு கத்திட்டு இருக்கேன். 2018-ல ரூம் மேட்டை எழுப்பினேன்ல, அதே கத்தல்.

மேட்ச் பச்சை டீம் தோத்துட்டாங்க. 49–38.

லிஸ்ட்

பதினொரு மணிக்கு பரிசளிப்பு முடிஞ்சு லிஸ்ட் வாசிச்சாங்க. 12 பேர். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். ஆறாம் நம்பர் பேர் வரலை. அப்புறம் "ஸ்டாண்ட்-பை"ன்னு ரெண்டு பேர் வாசிச்சாங்க. அதுல ரெண்டாவது பேர் அவங்களோடது.

ஸ்டாண்ட்-பைன்னா, 12 பேர்ல யாருக்காவது காயம் ஆனாத்தான் கூப்பிடுவாங்க. கூப்பிடலைன்னா ஆட முடியாது. ஆடலைன்னா ஃபார்ம் 3 இல்லை. அவங்களுக்கு அது ஃபைனல் இயர்.

நான் சார்கிட்ட கோபமா, "கடைசி குவார்ட்டர்ல அவங்களே ஷூட் பண்ணியிருந்தா எடுத்திருப்பாங்கல்ல சார்?"னு கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார், "இருக்கலாம். இந்த வருஷம் கார்டு நிறைய பேர், சென்டருக்குத்தான் ஆள் இல்லை, அதனாலயும் இருக்கலாம். ஆனா தம்பி, அந்தப் பதிமூணாம் நம்பர் பொண்ணுக்கு வயசாகி, பேரன் பேத்தி எடுத்தாலும் இந்தக் கூடை மறக்காது. அது எந்த ஃபார்ம்லயும் வராது."

எனக்கு அந்தப் பதில் முழுசா திருப்தியா இல்லை. இப்பவும் இல்லை. ஒரு கூடையோட ஞாபகம் மாசச் சம்பளத்துக்கு ஈடாகுமான்னு கேட்டா, ஆகாதுன்னுதான் சொல்வேன். "நல்ல மனசுக்கு நல்லது நடக்கும்"னு இந்த எபிசோடை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா நான் பார்த்தது அது இல்லை. அவங்க பெயர் ஸ்டாண்ட்-பையில வந்தப்ப அவங்க கைதட்டினாங்க. அழுதது பதிமூணாம் நம்பர்.

அப்புறம் அவங்க ஏழு பேரும் தேனி ரோட்டு பஸ் ஸ்டாப்புல நின்னாங்க. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத அந்த டவுன் பஸ் வந்துச்சு. பேக், பந்து எல்லாத்தோடயும் ஏறினாங்க. ஜன்னல் வழியா பார்த்தா ஆறாம் நம்பர் சீட்டுல உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான். பஸ் போயிடுச்சு.

பத்தடி

1891 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்ப்ரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊர். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்துல பசங்க உள்ளேயே ஆடுறதுக்கு ஒரு விளையாட்டு வேணும்னு பீச் பழக்கூடையை பால்கனி கம்பியில ஆணி அடிச்சு மாட்டினார். அந்தக் கம்பி தரையிலிருந்து பத்தடி உயரத்துல இருந்துச்சு. அதனாலதான் இன்னிக்கும் ரிங் பத்தடி. அதே ஸ்ப்ரிங்ஃபீல்டுல படிச்ச ஹாரி க்ரோ பக் 1920-ல மெட்ராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இப்ப நந்தனத்துல இருக்கு. அங்க பயிற்சி எடுத்த பி.டி. மாஸ்டர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விளையாட்டுகளைக் கொண்டு போனாங்க. வர்ஜீனியா தோத்த ரிங்கும் பத்தடிதான், நாகமலையில வலையில்லாம தொங்குற ரிங்கும் பத்தடிதான். கேலரிக் கூட்டம்தான் வேற வேற.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். நானும் காலேஜ்ல ஆடினவன்தான். பெஞ்ச்ல ஒன்பதாவது ஆள். ஃபைனல் இயர்ல பிளேஸ்மென்ட் டிரெயினிங்னு பிராக்டீஸுக்குப் போறதை நிறுத்தினேன். அன்னிக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன், என் கடைசி மேட்ச் எது? யாரோட ஆடினோம்? ஜெயிச்சோமா? சத்தியமா ஞாபகம் வரலை. அது கடைசின்னு அப்ப எனக்கே தெரியாதே. அந்த கிரவுண்டுல ஆடின பெரும்பாலான பொண்ணுங்களுக்கும் அந்த மூணு நாள்ல ஏதோ ஒண்ணு கடைசி மேட்ச். அதைப் பார்க்க நாலு பேராவது இருந்தா நல்லா இருக்கும்.

உங்க ஊர்லயும் கண்டிப்பா ஒரு காலேஜ் கிரவுண்டு இருக்கும். பந்து தட்டுற சத்தம் கேட்டா பால் பாக்கெட்டோட உள்ள போங்க, டிக்கெட் கிடையாது. காலை ஆறரை மணி மேட்சுக்கும் போங்க. அப்புறம், உங்க கடைசி மேட்ச் எது, எந்த விளையாட்டா இருந்தாலும் சரி, ஞாபகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போடறேன். பதிமூணாம் நம்பர் இதைக் கேட்டா, ரெண்டு ஸ்டெப், மறந்துடாதீங்க. வரேன் மக்களே.